தண்ணி வரிசையில் கற்றது
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடை புதுசு. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நம்ம ஊர் செங்கல் சூளையில வேலை செய்யற ஒடிசா குடும்பங்களைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். போன மாசக் கூட்டத்துல, "அவங்க விஷயம் நமக்கு எதுக்கு?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுக்கான பதிலை நான் சென்னை மந்தைவெளியில கத்துக்கிட்டேன்.

2018இல் நானும் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மந்தைவெளிக்குக் குடி போனோம். மாட்டு மந்தை நின்ன வெளிங்கிறதால அந்தப் பேருன்னு சொல்வாங்க. இப்ப மந்தையும் இல்ல, வெளியும் இல்ல. ரயில்வே ஸ்டேஷன், மாடி மேல மாடி. அவருக்கு சென்ட்ரிங் வேலை. ஒரே வாசல்ல ஆறு குடித்தனம், அதுல எங்களுக்கு ஒத்த ரூம். என்ன ஆளுங்க, என்ன சமைப்பீங்கன்னு விசாரிச்ச பிறகுதான் சாவி குடுத்தாங்க. நான் பேசற பேச்சைக் கேட்டுச் சிரிப்பாங்க. ரேஷன் கார்டு ஊர் விலாசத்துல இருந்ததால அங்க அரிசி வாங்க முடியல. தமிழ் பேசற எனக்கே அந்த இடம் அன்னியமா இருந்துச்சு.

முதல் நாள் அடிபம்புல குடத்தோட ஒதுங்கி நின்னேன். பக்கத்து வீட்டு அம்மா, "உன் பேர் என்னம்மா, எந்த ஊரு?"ன்னு கேட்டாங்க. காய் எங்க மலிவு, தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும்னு சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரிதான் எனக்குச் சோறு இறங்குச்சு.

அடுத்த வருஷம் 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வத்திப் போச்சு. லாரி வந்தா தெருவே குடத்தோட ஓடும். எங்க தெருவுல பழைய வீடு ஒண்ணை இடிச்சு ஃப்ளாட் கட்டினாங்க. அங்க தகரக் கொட்டாயில ஜார்கண்ட் ஆளுங்க தங்கி வேலை செஞ்சாங்க. அதுல ஒரு சின்னப் பொண்ணு, இடுப்புல குழந்தை, கையில ரெண்டு பெயிண்ட் பக்கெட்டோட வரிசைக்கு வந்தா. "நீ ஏன் இங்க வர்ற? இது எங்க தண்ணி"ன்னு கத்தினது வேற யாரும் இல்ல, நான்தான். அவளுக்கு என் பாஷை புரியல, முகம் புரிஞ்சுது. காலி பக்கெட்டோட திரும்பிட்டா.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம்? அந்த வாரம்தான் ஒரு மேஸ்திரி என் வீட்டுக்காரர்கிட்ட, "வடக்கத்திப் பசங்க கம்மிக் கூலிக்கு நிக்கிறாங்க, இஷ்டம்னா வா"ன்னு சொல்லியிருந்தார். அந்தக் கோபத்தை அந்தப் பொண்ணு மேல கொட்டிட்டேன்.

எனக்குப் பேர் கேட்ட அதே அம்மா பக்கத்துல நின்னாங்க. "நீ வந்து வருஷம்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள எங்க தண்ணியா? எங்களுக்கே இது வெளியூர் தண்ணிதான். கிருஷ்ணா தண்ணி ஆந்திராவுல இருந்து வருது, வீராணம் தண்ணி கடலூர்ப் பக்கத்துல இருந்து வருது"ன்னாங்க. அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்துச்சு. டிவியில பார்த்தப்ப எனக்கு அந்தப் பொண்ணு முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

அடுத்த லாரிக்கு நானே கையைக் காட்டிக் கூப்பிட்டு, அவ பக்கெட்டை என் குடத்துக்கு முன்னால வச்சேன். பேர் கேட்டேன், சொன்னா. என்னை "தீதி"ன்னு கூப்பிட்டா. தீதின்னா அக்கான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தப்ப என் கதவைத்தான் தட்டினா. கூட ஆஸ்பத்திரிக்குப் போய் சீட்டு வாங்கிக் குடுத்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

என் வீட்டுக்காரர் கூலி அதனால ஏறிடல. அதை மறைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுது. வெளிமாநிலத் தொழிலாளருக்கும் அதே வேலைக்கு அதே கூலி குடுக்கணும்னு 1979லேயே சட்டம் வந்தாச்சு. அந்தப் பையனுக்கு முழுக் கூலி கிடைச்சிருந்தா, அவனைக் காட்டி இவர் கூலியை யாரும் குறைச்சிருக்க முடியாது.

2020இல் கொரோனாவுல வேலை நின்னு ஊருக்கு வந்தோம். சென்னையில இருந்து வந்தவங்கன்னு எங்களை ஊர் எல்லையிலேயே நிறுத்தினாங்க. இங்க இருக்கிற சிலருக்கு ஞாபகம் இருக்கும். குத்தமா சொல்லல, அன்னைக்கு எல்லாருக்கும் பயம். ஆனா பிறந்து வளர்ந்த ஊர்லேயே ஒரு நாள்ல வெளியாளா ஆக முடியும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நம்ம ஜனங்களும் பிழைக்கப் போனவங்கதானே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல தலைமுறையா உழைச்சவங்களுக்கு 1948இல் குடியுரிமையே இல்லாமப் போச்சு. 1964இல் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கறதுன்னு முடிவாச்சு. அங்க கள்ளத்தோணின்னு ஏச்சு, இங்க திரும்பி வந்தா சிலோன்காரங்கன்னு பேரு.

2023 மார்ச்சுல, தமிழ்நாட்டுல பீகார் ஆளுங்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சு. பீகார்ல இருந்து அதிகாரிங்க வந்து பார்த்து, பொய்னு சொன்னாங்க. பக்கத்துல இருக்கிறவங்களோட ஒரு வார்த்தை பேசியிருந்தா, பொய்க்கு அவ்வளவு சீக்கிரம் கால் முளைக்காது.

அதனால கூட்டமைப்புக்கு மூணு விஷயம் வைக்கிறேன். ஒண்ணு, சூளையில இருக்கிற சின்னப் பிள்ளைங்களை நம்ம அங்கன்வாடியில சேர்க்க நாம கூடப் போகணும். ரெண்டு, பெரிய பிள்ளைங்களை டி.சி. இல்லைன்னாலும் பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கணும்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, அதைப் பெத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லணும். மூணு, 2020 அக்டோபர்ல இருந்து 'ஒரே நாடு ஒரே ரேஷன்' நம்ம மாநிலத்துலயும் இருக்கு. அவங்க ஊர்ல முன்னுரிமைக் கார்டு இருந்தா, இங்க கைரேகை வச்சு வாங்கலாம். அது தெரியாமக் கடையில காசு குடுத்து அரிசி வாங்கறாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் சூளைக்குப் போறேன். வர்றவங்க கூட வாங்க. பாஷை தெரியலன்னு யோசிக்க வேண்டாம். முதல்ல பேர் கேட்போம்.