கேட்டுப் பெறவேண்டிய உதவி



நம் பெரியோர் காலத்தில் கல்வி உதவித்தொகைக்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர் வழங்கிற்று. அரசாங்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தச் சொல் எப்போதும் ஒரு புதிராகவே இருந்து வந்திருக்கிறது. உபகாரம் என்பது கொடுப்பவரின் பெருந்தன்மை. சம்பளம் என்பது உழைத்தவர் பெறும் ஊதியம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அச்சொல் இன்று வழக்கிழந்துவிட்டது. ஆனால், அதன் முற்பாதி நம்மவர் மனத்தில் இன்னும் தங்கியிருக்கிறது. "பிறரிடம் போய்க் கையேந்துவதா?" என்று தயங்கும் பெற்றோர் எத்தனையோ பேர். தயக்கத்தைக் கடந்து விண்ணப்பித்தவர்களிலும் சிலர் ஒரு சிறு பிழையால் அவ்வுதவியை இழக்கிறார்கள். இவ்விரண்டையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் 'சிறுபான்மை' என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களாகிய நாம் எல்லோரும் அங்கெல்லாம் மொழிச் சிறுபான்மையினரே. அரசியலமைப்பின் 30-ஆவது உறுப்பு, சமயத்தால் சிறுபான்மையினரையும் மொழியால் சிறுபான்மையினரையும் சேர்த்தே குறிப்பிட்டு, தத்தம் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை இருவர்க்கும் வழங்குகிறது. ஆனால், மத்திய அரசு சிறுபான்மையினர்க்கென்று வகுத்த உதவித்தொகைத் திட்டங்களில் அச்சொல்லின் பொருள் குறுகியது. 1992-ஆம் ஆண்டின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சமயத்தாரையே அது குறிக்கும். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், பார்சிகள் ஆகிய ஐவர் 1993-இல் அறிவிக்கப்பட்டனர். 2014-இல் சமணர் சேர்க்கப்பட்டனர். ஆகவே, தமிழ் பேசுவது ஒன்றையே காரணமாகக் காட்டி இத்தொகையைக் கோர இயலாது. நம்முள் கிறிஸ்தவரும் முஸ்லிமும் பிறரும் தம் சமயத்தின் பெயரால் கோரலாம்.

இத்திட்டங்களுள் ஒன்றின் பெயர் 'மெரிட் கம் மீன்ஸ்'. தகுதியையும் குடும்ப வருவாயையும் சேர்த்துப் பார்ப்பது என்பது பொருள். தொழிற்கல்வியும் தொழில்நுட்பக் கல்வியும் பயில்வோர்க்காக 2007-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்று, ஆண்டு வருவாய் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தைச் சேர்ந்த மாணவருக்குக் கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 20,000 ரூபாய் வரையிலும், அதற்கு மேல் விடுதி மாணவராயின் 10,000 ரூபாயும், வீட்டிலிருந்து செல்பவராயின் 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 30 விழுக்காடு இடங்கள் மாணவியர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தன.

எங்கள் குடியிருப்பில் துணி தேய்க்கும் தொழில் செய்துவந்த நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர் ஒருவரின் மகள், 2018-ஆம் ஆண்டில் பொறியியல் கல்லூரியில் இடம் பெற்றாள். அவர் ஒருநாள் மாலை, தேய்த்த துணிகளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "ஐயா, மீன்ஸ் என்றால் என்ன?" என்று கேட்டார். நான் பொருளைச் சொன்னேன். இணையதளத்தின் பெயரையும் சொன்னேன். அத்தோடு என் கடமை முடிந்ததென்று எண்ணினேன். அது என் பிழை.

அவர் கடைத்தெருவிலுள்ள கணினிக் கடை ஒன்றில் காசு கொடுத்து விண்ணப்பத்தை நிரப்பினார். குடியிருக்கும் மாநிலம் எது என்ற வினாவுக்குத் தில்லி என்று விடை எழுதப்பட்டது. ஆனால், வருமானச் சான்றிதழோ, அவர் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அங்குள்ள வட்டாட்சியரிடம் பெற்றது. இரண்டும் பொருந்தவில்லை. சரிபார்த்த அதிகாரி குறையைச் சுட்டி விண்ணப்பத்தைத் திருப்பினார். அச்செய்தி கைப்பேசிக்குத்தான் வரும். விண்ணப்பத்தில் பதிந்திருந்த எண் கடைக்காரருடையது! நாள்தோறும் பலர்க்கும் விண்ணப்பம் நிரப்பிய அவர், வந்த செய்தியைக் கவனிக்கவில்லை. திருத்துவதற்குரிய கெடு கழிந்தது. 25,000 ரூபாய் வரை கிடைத்திருக்கக்கூடிய அவ்வாண்டில் தாயின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன.

மறு ஆண்டு நானே அவர்களோடு அமர்ந்தேன். இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. தில்லி வருவாய்த்துறையில் சான்றிதழ் பெற்று, சொந்தக் கைப்பேசி எண்ணைத் தந்து விண்ணப்பித்தோம். தொகை வந்தது. ஆனால், போன ஆண்டு போனதுதான். தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒருவன் முதலிலேயே அந்த இரண்டு மாலைகளைத் தந்திருந்தால் அந்த வளையல்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் சில. முதலாவது, குடியிருப்பைப் பற்றியது. 'ஊர் எது?' என்று கேட்டால் நாற்பது ஆண்டு தில்லியில் வாழ்ந்தவரும் திருநெல்வேலி என்றோ தஞ்சாவூர் என்றோ சொல்வது நம் இயல்பு. அது பாராட்டத்தக்க இயல்புங்கூட. ஆனால், விண்ணப்பம் கேட்பது அந்த ஊரை அன்று. எந்த மாநிலத்தவராக விண்ணப்பிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, வருமானச் சான்றிதழ், முகவரிச் சான்று முதலிய எல்லாத் தாள்களையும் அதற்கிசையத் திரட்டவேண்டும்.

இரண்டாவது, பெயர். நாம் பெயருக்கு முன் தந்தையின் பெயரிலிருந்து ஓரெழுத்தை மட்டும் இடுகிறோம். வடபுலத்து அலுவலகங்களோ குடும்பப் பெயர் என்று ஒன்றைக் கேட்கின்றன. அதனால் ஒரே பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து முன்னிற்கும். ஆதார் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் பின்னிற்கும். வங்கிப் புத்தகத்தில் அவ்வெழுத்தே இடம் மாறி இறுதியில் நிற்கும். நமக்கு மூன்றும் ஒருவரே. கணிப்பொறிக்கு மூன்றும் மூவர். தொகையோ ஆதாரோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. எனவே, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை காத்திராமல், பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் பதியும்போதே எல்லாத் தாள்களிலும் பெயரை ஒரே வடிவில் அமைத்துக் கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.

மூன்றாவது, கைப்பேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. முதலில் கல்லூரி அதனைச் சரிபார்க்கவேண்டும். பின்னர் மாவட்ட அல்லது மாநில அளவில் உள்ளவர் சரிபார்க்கவேண்டும். கல்லூரியில் அப்பொறுப்பை ஏற்றுள்ள அலுவலர் யாரென்று கேட்டறிந்து, அவரைக் கண்டு வருவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஓராண்டு பெற்றவரும் மறு ஆண்டுக்குப் புதுப்பிக்க விண்ணப்பிக்கவேண்டும் என்பதையும் மறவாதிருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் குறிப்பிட்ட சிறுபான்மையினர் திட்டங்கள் 2021-22 வரையிலான காலத்துக்கே ஒப்புதல் பெற்றிருந்தன. அதன்பின் அவற்றுக்கு ஆண்டுதோறும் வழக்கம்போல் விண்ணப்பம் கேட்கப்படவில்லை. ஆதலால், பழைய செய்தியை நம்பிக் காத்திராமல், தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் அவ்வாண்டு எந்தெந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று பார்த்தபின்பே முயலுங்கள். ஒரு கதவு மூடியிருந்தால் அடுத்த கதவைத் தட்டலாம். சமயம் எதுவாயினும், பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தில் தம் பாடப்பிரிவின் முதல் 20 விழுக்காட்டினருள் வந்த மாணவர்க்கென மத்திய அரசின் பொதுத் திட்டம் ஒன்று உண்டு. குடும்ப வருவாய் 4.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். இளங்கலை வகுப்புகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என அது வகுக்கப்பட்டது.

பட்டியல் சாதியைச் சேர்ந்த குடும்பங்கள் வேறொன்றையும் கருதவேண்டும். சாதிப் பட்டியல் மாநிலந்தோறும் வேறுபடுவது. ஒரு மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், முன்னைய மாநிலத்துப் பட்டியலை வைத்துப் புதிய மாநிலத்தில் சலுகை கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. எனவே, தந்தையின் சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தது, நாம் கோரும் உதவி எந்த அரசினுடையது என்று முதலில் கேட்டறிந்த பின்பே விண்ணப்பத்தை எழுதுங்கள்.

அன்பர்களே! இத்தொகை எவரும் மனமிரங்கித் தரும் உபகாரமன்று. மக்கள் செலுத்தும் வரியிலிருந்து, படிக்கத்தக்க பிள்ளை பணமின்மையால் நின்றுவிடக்கூடாது என்று நாடு ஒதுக்கிவைத்த பணம். உரியவர் அதனைக் கேட்டுப் பெறுவதில் நாணத்துக்கு இடமில்லை. நாணவேண்டியவர் ஒருவர் உண்டென்றால், அவர் படிவத்தைப் படித்து நிரப்பத் தெரிந்தும், தெரியாதவர் அருகில் ஒருமணி நேரம் அமராத நம்மைப் போன்றவரே. நம் தமிழ்ச் சங்கங்களில் விழாக்களுக்குக் குறைவில்லை. கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்பணிக்கென ஒதுக்கினால், அதுவும் ஒரு விழாவே ஆகும்.