அகாலத்தில் மறைந்த ஆனந்த வாலிபர்

(தல்லாகுளத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாலிபன் ஒருவன் திடீரென மாண்டு போனால் ஊரே கூடி அழுகின்றது. அவன் சிரித்த முகத்தையும், பாடிய பாட்டையும், செய்த வேடிக்கைகளையும் எடுத்துச் சொல்லி ஏங்குகின்றது. ஆனால் அவன் உயிரோடிருந்த நாளில் அந்தச் சிரிப்பும் பாட்டும் வேடிக்கையுமே, "உருப்படாத பிள்ளை" என்று அவனைப் பெரியோர் கடிந்து கொள்வதற்குக் காரணமாயிருந்தன. இந்த முரண்பாட்டைக் குறித்தே இன்று நாம் பேச விரும்புகின்றோம். அதற்கு உதாரணமாக, தமிழுலகம் நன்கறிந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அவர்களின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கின்றோம்.

அவர் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான் காடு என்னும் சிற்றூரில் எளிய உழவர் குடும்பத்திற் பிறந்தார். பள்ளிப் படிப்பு திண்ணைப் பள்ளியோடு நின்றது. அவர் பார்த்த தொழில்கள் 17 என்று சொல்லுவர். உழுதார், மாடு மேய்த்தார், மாடு விற்றார், மாம்பழமும் தேங்காயும் கீற்றும் விற்றார், இட்டலியும் முறுக்கும் விற்றார், மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்தில் உழைத்தார், இயந்திரம் ஓட்டினார், தண்ணீர் வண்டி இழுத்தார், அரசியலில் புகுந்தார், பாடினார், நடித்தார், ஆடவும் செய்தார். இவையெல்லாம் கடந்தே கவிஞரானார்.

அன்பர்களே! பெண் கொடுக்கப் போகும் வீட்டில் இத்தகைய ஜாதகம் ஒன்று வந்தால் நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? "ஒரு தொழிலில் நிலைக்காதவன், ஆட்டமும் பாட்டுமாய்த் திரிபவன்" என்று கையைக் கழுவி விடுவோமல்லவா? ஆயினும் அந்த 17 தொழில்களும் வீணாகப் போகவில்லை. உப்பளத்தில் நின்றவனுக்கே உப்பின் கரிப்புத் தெரியும். வயலில் இறங்கியவனுக்கே விளைச்சல் யார் வீட்டுக்குப் போகின்றது என்பது விளங்கும். தஞ்சை மாவட்டத்து விவசாய இயக்கத்தில் அவர் ஈடுபட்டதும் இந்த அனுபவத்தின் பயனே. புதுச்சேரியிலே பாரதிதாசனாரை அண்டியிருந்து தமிழ் பயின்றார். சக்தி நாடக சபையில் நடிகராயிருந்தார். அந்நாளில் நமது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லில், விவசாயிகள் மாநாட்டில் அரங்கேறிய 'கண்ணின் மணிகள்' நாடகத்துக்குப் பாட்டெழுதினார். பின்னர் திரைப்படத் துறை அவரை ஏற்றுக்கொண்டது.

அவருடைய விளையாட்டுக் குணம் பாட்டிலும் குன்றவில்லை. 1959-இல் வெளியான 'கல்யாணப் பரிசு' படத்தின் பாடல்கள் அவர் இயற்றியவை. இளங்காதலரின் கிண்டலும் ஊடலும் அவற்றிலே துள்ளுகின்றன. 1958-இல் வந்த 'நாடோடி மன்ன'னில், இருவர் கொஞ்சிப் பேசும் பாட்டினூடே, பாடுபட்டவனுக்கு மிஞ்சுவது என்ன என்னும் கேள்வியை நுழைத்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1961-இல் வெளியான 'அரசிளங்குமரி'யில், மரத்திலே பேய் உண்டென்னும் பயமுறுத்தலை நம்பாதே என்று ஒரு சிறுவனுக்குச் செல்லமாகப் புத்தி சொன்னார். மேடைப் பிரசங்கியார் ஒரு மணி நேரம் முழங்கியும் ஏறாத விஷயத்தை, ஒரு மாமன் மருமகனைச் சீண்டுவது போலச் சொல்லி நெஞ்சிலே ஏற்றிவிட்டார்.

'நாடோடி மன்னன்' வெற்றி விழா 1958 அக்டோபர் 26-ஆம் நாள் இதோ நம் அருகிலுள்ள தமுக்கம் மைதானத்தில் நடைபெற்றது. கதாநாயகரான எம்.ஜி.ஆர். அவர்களுக்குத் தங்க வாள் பரிசளிக்கப்பட்டது. அந்த விழாவுக்கு ஓராண்டு நிறையுமுன், 1959 அக்டோபர் 8-ஆம் நாள், அப்படத்திற்குப் பாட்டெழுதிய நம் கவிஞர் சென்னையில் காலமானார். மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவே காரணமென்பர். வயது 29. பாரதிதாசனார் தலைமையில் மணம் முடித்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. இளம் மனைவியும் கைக்குழந்தையும் திகைத்து நின்றனர்.

கௌரவங்கள் பின்னால் வந்தன. 1981-இல் பாவேந்தர் விருது அவர் துணைவியாரிடம் அளிக்கப்பட்டது. 1993-இல் அரசாங்கம் அவர் பாடல்களை நாட்டுடைமையாக்கியது. இவை போற்றத்தக்கவையே. எனினும் கணவனை இழந்த பெண் 1981 வரையிலும், பின் 1993 வரையிலும் அன்றாடம் அடுப்பேற்ற வேண்டியிருந்ததல்லவா?

அவர் எந்த இனத்தார், நம்மவரா, அயலாரா என்று இங்கே சிலர் கேட்கக்கூடும். சங்கக் கூட்டத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. உழைத்துக் களைத்தவன் எவனும் தன் பாட்டென்று அதைப் பாடலாம் என்பதே நாம் அளிக்கும் விடை. அவரைப் பங்கு போட்டுக் கொள்வதால் நமக்குப் பெருமை வராது. அவரிடமிருந்து கற்றுக்கொண்டால் வரும்.

கற்க வேண்டியவை இரண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையினின்று இறங்கித் தல்லாகுளம் வரும்பொழுது, எதிர்சேவையில் நம் பிள்ளைகள் வேடமிட்டு ஆடுகின்றனர், பாடுகின்றனர், துருத்தி நீர் பீய்ச்சுகின்றனர். அன்று அதைப் பக்தி என்று கண்குளிரப் பார்க்கின்றோம். மறுவாரம் அதே பிள்ளை தெருவிலே பாடினால் வீண் பொழுது என்கின்றோம். இந்த வழக்கத்தை விடவேண்டும். பாடுகின்ற பிள்ளைக்கு ஒரு மேடையையும், எழுதுகின்ற பிள்ளைக்கு இப்பத்திரிகையில் ஒரு பக்கத்தையும் கொடுப்போம். ஒரு தொழிலை விட்டு மறு தொழிலுக்குப் போகின்றவனை ஏசாமல், என்ன கற்றாய் என்று விசாரிப்போம்.

இரண்டாவது, வாலிபம் காப்புறுதியன்று. வேடிக்கையாய் இருப்பவன் சேமிக்க மறந்திருப்பான். ஆகையால், அகாலத்தில் தலைவனை இழக்கும் குடும்பத்திற்கு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கைவிடாமல், குழந்தையின் படிப்பு முடியும்வரை உதவுவதற்கு ஒரு தனி நிதியை நமது சங்கம் ஏற்படுத்த வேண்டும். உதவி கேட்டு அப்பெண் வாசலில் நிற்கும்படி வைக்கலாகாது. நாமே அவள் வாசலுக்குப் போக வேண்டும். தீர்மானம் இன்றே நிறைவேறுமாயின், இக்கூட்டத்தில் நாம் செலுத்தும் மரியாதை மெய்யான மரியாதையாகும்.

மறைந்த வாலிபர்களின் படங்களுக்கு மாலை சூட்டுவோம். இருக்கின்ற வாலிபர்களின் சிரிப்பை இன்றே பாராட்டுவோம்.