வரிசை: எத்தனை தட்டு?

இந்த வாரம் ஒரே ஒரு சொல்: வரிசை.

ரேஷன் கடையில, பஸ் ஸ்டாண்டுல இப்ப இந்தச் சொல்லை அதிகம் கேட்க முடியறதில்ல. ‘லைன்ல வாங்க’ன்னுதான் சொல்றோம். ஆனா ஆரணி, வந்தவாசி பக்கம் ஒரு கல்யாணத்துல ‘வரிசை வந்தாச்சா?’ன்னு யாராவது கேட்டா, அவங்க சீர்வரிசையைக் கேட்கறாங்க. மேளத்தோட வர்ற தட்டுகள்: பழம், பூ, வெத்தலை பாக்கு, ஆரணிப் பட்டு. கூடவே வந்தவாசிக் கோரைப்பாயும் இருக்கலாம். தாய்மாமன் கொண்டுவந்தா அது மாமன் வரிசை.

தட்டை ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் தூக்கிட்டு வர்றதால இந்தப் பேர்னு நினைக்கத் தோணும். விஷயம் அதைவிடப் பழசு. சங்க இலக்கியத்துல வரிசைன்னா ஒருத்தரோட தகுதி, அந்தத் தகுதிக்கு ஏத்த மரியாதை. புறநானூறு 121-ஆவது பாட்டுல கபிலர், மலையமான் திருமுடிக்காரிகிட்ட இதைத்தான் பேசுறார். அள்ளிக் கொடுக்கறது சுலபம், வர்றவங்களோட வரிசையை அறியறதுதான் கஷ்டம், அதனால புலவர்கள் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்காதேங்கறார்.

ரேஷன் கடையில நாம கேட்கறது இதுக்கு நேர் எதிர். யாரா இருந்தாலும் ஒரே மாதிரி பாருங்க, முதல்ல வந்தவருக்கு முதல்ல கொடுங்க. ஒரே சொல், தலைகீழ் நியாயம்! (குத்துவரிசை, சரளி வரிசை எல்லாம் தனிக் கதை, இன்னொரு நாள்.)

கபிலர் அளக்கச் சொன்னது புலமையை. கல்யாண மண்டபத்துல அளக்கறது தட்டை. 21-ஆ, 51-ஆ, 101-ஆ? பெண்ணைப் பெத்தவங்க மரியாதை அந்த எண்ணிக்கையில நிக்குது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லயே வந்துடுச்சு. கேட்டு வாங்குறது குற்றம். கேட்காம, வழக்கப்படி கொடுக்கற அன்பளிப்புக்கு இடம் உண்டு, ஆனா அதைப் பட்டியல் போட்டு எழுதி வைக்கணும்னு 1985 விதிகள் சொல்லுது. அதனால இப்ப யாரும் ‘இவ்வளவு கொடுங்க’ன்னு வாய்விட்டுக் கேட்கறதில்ல. ‘எங்களுக்கு எதுவும் வேணாம் சம்பந்தி, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யற வரிசையைச் செய்யுங்க’ன்னு சொல்வாங்க. கேட்ட மாதிரியும் இல்ல, கேட்காத மாதிரியும் இல்ல. அந்த அப்பா மறுநாள் நகைக்கடனுக்கு அலைவார்.

உங்க வீட்டுக் கல்யாணத்துல எத்தனை தட்டுன்னு யார் முடிவு பண்ணாங்க? அம்மாகிட்ட கேட்டுட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் ‘முறை’.