நாட்டுப்பாட்டும் இசைத்தட்டும்

நாஞ்சில் நாட்டிலே அம்மன் கோயிற் கொடை என்றால் அங்கே வில்லுப்பாட்டு இல்லாதிருப்பது அரிது. நீண்ட வில்லிலே மணிகள் குலுங்கும். புலவர் வீசுகோலால் நாணை அறைவார். பக்கத்திலே குடம் முழங்கும், உடுக்கை அதிரும், ஜாலரா இடைவிடாது ஒலிக்கும். புலவர் ஓர் அடியைப் பாடி விட, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதை வாங்கிப் பாடுவர். முத்துப்பட்டன் கதையாயினும் சரி, இசக்கியம்மன் கதையாயினும் சரி, இருட்டிய பின் தொடங்கினால் கோழி கூவும் வரை நடைபெறுவது உண்டு.

மாணவ நண்பர்களே! இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவிலே எட்டு மணி நேரம் பாட்டு நடந்ததாக வைத்துக் கொள்வோம். அது 480 நிமிடம். பழைய கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கத்திலே அடங்குவதோ ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுத்தான். ஆகவே அந்த ஓரிரவுப் பாட்டைத் தட்டிலே ஏற்ற வேண்டுமானால் 160 பக்கங்கள், அதாவது 80 தட்டுகள் வேண்டும். எண்பது தட்டுகளை வாங்குவோர் யார்? மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுக் கொண்டிருப்போர் யார்? எந்தக் கம்பெனிதான் அப்படியொரு முயற்சிக்குப் பணம் போடும்?

நாட்டுப்பாட்டு இசைத்தட்டுகளைச் சேகரிக்க விரும்புவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான். தட்டிலே நமக்குக் கிடைப்பது பாட்டின் ஒரு துண்டு. அது எந்தத் துண்டு, யார் பாடியது, எந்த ஊர்ப் பாடம் என்னும் செய்திகளையும் சேர்த்துச் சேகரித்தால்தான் அந்தத் துண்டுக்கு மதிப்பு உண்டாகும்.

பாடியவர் பெயர் தட்டோடு இருக்க வேண்டும் என்னும் கவலை இசைத்தட்டுத் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தது. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவிலே கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தப் பாடகி பாட்டின் முடிவிலே தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே உரத்துச் சொல்லி முடிப்பார். இது தற்பெருமை அன்று. அக்காலத்தில் இங்கே பதிவு செய்தவற்றைக் கப்பலேற்றி, ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்கு அனுப்பித்தான் தட்டுகளாக அச்சிட்டு வந்தார்கள். இந்திய மொழி ஒன்றும் அறியாத அந்தத் தொழிலாளர், எந்தப் பாட்டு யாருடையது என்று கண்டு கொள்ள வேண்டுமல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டு, 1928இல் டம்டம் என்னுமிடத்தில் பெரிய ஆலையும் அமைந்த காலத்தில் இதற்குத் தேவை இல்லாமற் போயிற்று. பெயரைத் தாங்கும் வேலை தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்துக்கு வந்து சேர்ந்தது.

தட்டு எதனால் ஆனது என்பதையும் தெரிந்து கொள்வது நல்லது. மரக்கிளைகளிலே வாழும் சிறு பூச்சிகள் உண்டாக்கும் அரக்குத்தான் அதன் உயிர். சோட்டா நாகபுரிக் காட்டிலே எடுத்த அரக்கைக் கற்பொடியோடும் புகைக்கரியோடும் கலந்து அச்சிலே அழுத்தினால் கறுப்புத் தட்டு பிறக்கும். உலகத்துக்கு வேண்டிய அரக்கிற் பெரும் பகுதியை அளித்தது நம் நாடே. இலண்டன் மாநகரத்து மாளிகையில் சுழன்ற தட்டிலும் நம் காட்டுப் பூச்சியின் உழைப்பு இருந்தது. இத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். கைதவறி விழுந்தால் உடையும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியார் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் செய்த நெடுந்தட்டை வெளியிட்டனர். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் அத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேலும் இசை அடங்கிற்று. மறு ஆண்டிலே 45 சுழற்சிச் சிறு தட்டும் வந்தது. ஆயினும் நம் நாட்டிலே 78 சுழற்சித் தட்டுகள் 1960களிலும் வெளிவந்து கொண்டிருந்தன.

இனி, நாஞ்சில் நாட்டுப் பாட்டுக்கும் தட்டுக்கும் என்ன உறவு என்று பார்ப்போம். கொடையிலே பாடும் கதை வெறும் பொழுதுபோக்கு அன்று. அநியாயமாகக் கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள் அவற்றுட் பல. கதைத் தலைவனின் மரணத்தைப் பாடும் கட்டத்திலே சாமியாடிக்கு அருள் வரும். குரவை ஒலி எழும். புலவர் அந்த வேகத்தைக் கண்டு பாட்டை முடுக்குவார் அல்லது நிறுத்திப் பிடிப்பார். கேட்போர் இல்லாத ஒலிப்பதிவு அறையிலே, சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு அந்தப் புலவர் யாருக்கு அருள் வருவிக்கப் பாடுவார்? ஆகவே கொடைப்பாட்டு அதன் முழு உருவிலே 78 சுழற்சித் தட்டுக்குள் புகுந்திருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் மேனாட்டு ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்துக்கு வந்து, கொடை நடக்கும் இடத்திலேயே வில்லுப்பாட்டை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தார். அவருடைய ஆங்கில நூல் 1988இல் வெளிவந்தது. நாடா நீளமானது, அதனால் அவருக்கு அது இயன்றது.

தட்டிலே புகுந்த நாஞ்சில் நாட்டுக் குரல் வேறொரு வழியாகப் புகுந்தது. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிலே 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டின் சூழலிலே வளர்ந்தவர். நாடகத்துக்கும் பின்னர் திரைப்படத்துக்கும் சென்ற பிறகும் அவர் வில்லை மறக்கவில்லை. சீர்திருத்தக் கருத்துகளைச் சொல்ல அதை மேடையேற்றினார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலே அவர் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தைக் கேட்டுப் பாருங்கள். நந்தனார் சரித்திரக் கதையின் அமைப்பை எடுத்துக் கொண்டு, படிப்புக்காக ஏங்கும் ஏழைச் சிறுவன் ஒருவனின் கதையை அதில் வைத்தார். நகைச்சுவைக்கு நடுவே பேச்சு சட்டென்று பாட்டாகும். பாட்டு மறுபடி பேச்சாகும். பின்பாட்டுக்காரர் இடைமறித்துக் கேள்வி கேட்பார். காலட்சேபம் என்று பெயர் இருந்தாலும், வில்லடியைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் கேள்வி-விடையின் பிறப்பிடம் புரியாமற் போகாது. இந்தக் ‘கிந்தனார்’ இசைத்தட்டாகவும் வெளிவந்து வீடுதோறும் ஒலித்தது.

வீடுதோறும் என்றேனே, அது சற்று மிகைதான். கிராமபோன் பெட்டி வாங்க வசதி பெற்ற வீடுகள் ஊருக்குச் சிலவே. ஏனையோர் தட்டுப்பாட்டைக் கேட்டது மைக்செட்காரர் தயவால். கல்யாணமா, சடங்கா, கோயில் திருவிழாவா, தென்னை மரத்தின் உச்சியிலே குழாயைக் கட்டி, விடியுமுன் பக்திப் பாட்டில் தொடங்கி, இரவு வரை பிளேட்டுப் போட்டுக் கொண்டிருப்பார் அவர். தட்டுகளை மரப்பெட்டியிலே அடுக்கி, எந்த இடத்துக்கு எந்தப் பாட்டு என்று தெரிந்து வைத்திருந்த அவரே அக்காலத்தில் ஊருக்கு இசை நூலகத் தலைவர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தது. ஆகையால் இங்கே கிடைக்கும் பழைய பெட்டிகளில் தமிழ்த் தட்டுகளோடு மலையாளத் தட்டுகளும் கலந்திருந்தால் வியப்பில்லை. மலையாளத் தட்டு என்று ஒதுக்கி விடாதீர்கள். அந்தப் பெட்டி அந்த ஊர் கேட்ட காதின் கணக்கு. கலந்திருப்பதைக் கலந்தபடியே குறித்துக் கொள்ள வேண்டும்.

தட்டின் மேலுள்ள ஒரு சிறு குறிப்பு எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலே ஒரு நிகழ்ச்சி உண்டு. அந்நாட்டின் தென்பகுதி மலைக்குடியானவர் பாட்டைக் ‘கண்ட்ரி’ இசை என்பர். 1927ஆம் ஆண்டு கோடையிலே ரால்ப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்னும் சிற்றூருக்குப் பதிவுக் கருவியோடு சென்று, கார்ட்டர் குடும்பத்தார், ஜிம்மி ராட்ஜர்ஸ் முதலியோரின் பாட்டுகளைப் பதிந்தார். அங்கும் மூன்று நிமிடக் கணக்குத்தான். ஆண்டுகள் சென்றன. புதிய பாணிகள் வந்தன. பழைய தட்டுகள் பரணிலே கிடந்தன. அப்பொழுது சில இளைஞர் வீடுவீடாகக் கதவைத் தட்டி, ‘பழைய தட்டு இருக்கிறதா?’ என்று கேட்டு அலைந்தனர். மேரிலாந்து மாநிலத்து ஜோ பஸ்ஸார்ட் இவ்வாறு மலைக்கிராமங்களிலே திரிந்து பதினையாயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகளைச் சேர்த்தார். அவர் 2022இல் காலமானார். ஹாரி ஸ்மித் என்பவரோ தாம் சேர்த்தவற்றிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்து 1952இல் ஆறு நெடுந்தட்டுகளாக வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் யார், எப்போது, எந்தத் தட்டு என்று ஒரு குறிப்பேடும் உடன் வைத்தார்.

அந்தத் தொகுப்பிலே ஜான் ஹர்ட் என்னும் நீக்ரோ குடியானவரின் பாட்டுகள் இரண்டு இருந்தன. அவர் 1928இல் சில தட்டுகளுக்குப் பாடியவர். பிறகு அவரைப் பற்றிய செய்தியே இல்லை. இறந்திருப்பார் என்று எண்ணினர். அவருடைய மற்றொரு தட்டிலே தம் சொந்த ஊர் அவலான் என்று அவர் பாடியிருந்ததை டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் காது கொடுத்துக் கேட்டார். அந்த ஊர்ப் பெயரைப் பிடித்துக் கொண்டு மிஸிஸிப்பி மாநிலத்துக்குச் சென்றார். 1963ஆம் ஆண்டிலே, தம் எழுபதாவது வயதில், அதே ஊரிலே ஜான் ஹர்ட் உயிரோடிருந்தார்! அவ்வாண்டே பெரும் இசை விழாவிலே பாடினார். 1966இல் மறையும் வரை மீண்டும் பதிவுகள் செய்தார். தட்டிலே அந்த ஊர்ப் பெயர் ஒன்று இல்லாதிருந்தால், அவர் வயல் வரப்பிலேயே யாரும் அறியாமல் மறைந்திருப்பார்.

நம் புலவர்களும் பாட்டைத் தொடங்கும்போது குருவை வணங்குவர், அவையடக்கம் சொல்வர். நேரம் குறுகினால் முதலில் கத்தரிக்கத் தோன்றுவது இப்பகுதிகளைத்தான். யாரிடம் கற்றார் என்னும் செய்தி அதிலேதான் இருக்கிறது. ஆகவே தட்டு சொல்லாததை நாம் ஊராரிடம் கேட்டு எழுதிச் சேர்க்க வேண்டும். ‘இன்று எல்லாப் பாட்டும் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, தட்டு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது, உண்மை. ஆனால் பாடியவர் பெயர் மாறியும், வேறு படத்தின் பெயர் ஒட்டியும், சுழற்சி வேகம் தவறிக் குரல் கீச்சிட்டும் எத்தனை பாட்டுகள் உலவுகின்றன! எது சரி என்று தீர்க்கத் தட்டும் அதன் காகிதமுமே சாட்சி. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல பதினாயிரம் தட்டுகளைச் சேர்த்தார். மும்பையிலே 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றிற்று. ஆனால் நம் ஊர்ப் பரணிலே கிடப்பதைத் தேடிக் கொடுக்க வேண்டியவர் நாம்தாம். விலை ஏறும் என்று தட்டைப் பூட்டி வைப்பவரை நான் சேகரிப்பாளர் என்று சொல்ல மாட்டேன். அவர் இருப்பு வைக்கும் வியாபாரி.

பாதுகாக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்யும் நாடு நம் நாடு, கடற்காற்றும் உண்டு. தட்டுக்கும் உறைக்கும் பூசணம் பிடிக்கும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல், புத்தகத்தைப் போல நிமிர்த்தி வையுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது. அரக்கு அதிலே கரைந்து விடும். மெல்லிய ஈரத்துணி போதும். நடுக்காகிதத்தில் ஈரம் படலாகாது. சாவி கொடுக்கும் பழைய பெட்டியின் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். அந்தப் பெட்டியிலே வினைல் தட்டைப் போட்டால் அது கீறிப் பாழாகும். வளைந்து கொடுத்தால் வினைல்; கனமாய் விறைப்பாய் இருந்தால் அரக்கு. ஐயம் இருந்தால் வளைத்துப் பாராமல் காகிதத்திலுள்ள சுழற்சி எண்ணைப் பாருங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கம்பெனிப் பெயர், தட்டு எண், இரு பக்கப் பாட்டு, பாடியவர், காகிதத்தை ஒட்டிய வழவழப்பான பகுதியிலே பொறித்திருக்கும் எண் ஆகியவற்றை எழுதுங்கள். நாடக செட்டுகளும் காலட்சேபங்களும் பகுதி பகுதியாக வந்தவை; எந்தப் பகுதி குறைகிறது என்றும் குறியுங்கள். பிறகு, அந்தத் தட்டு யார் வீட்டிலே இருந்தது, எந்த விழாவிலே போட்டது என்று கேளுங்கள். தோவாளையிலோ அகஸ்தீஸ்வரத்திலோ கல்குளத்திலோ விளவங்கோட்டிலோ, உங்கள் ஊரிலே முன்னாளில் மைக்செட் வைத்திருந்த பெரியவர் இருப்பார். அவருடைய பெட்டி இல்லாவிட்டாலும் ஞாபகம் இருக்கும். வருகிற விடுமுறையில் அவரிடம் போய், குழாய் கட்டியதும் முதலில் எந்தத் தட்டைப் போடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் கைப்பேசியிலே பதிந்து கொண்டு, பதிவின் முடிவிலே அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.