கொட்டாரத்துக்குக் கிராம சபை இல்லை

மே 1, ஆகஸ்ட் 15 என்று ஆண்டுக்கு ஆறு நாள் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவை வாசிக்கிறார்கள். தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று தலைவரிடமே கேட்கலாம். வயலும் குளமும் சூழ்ந்த கொட்டாரத்தில் அது கிடையாது. பார்த்தால் கிராமம், சட்டத்தின் கண்ணுக்குப் பேரூராட்சி, அதாவது நகர்ப்புறம். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகரங்களுக்கு வார்டு குழுவைக் கட்டாயமாக்கியதும் 3 லட்சம் மக்களும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான்.

“2022இல் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலரை அனுப்பினோமே, போதாதா?” என்பார்கள். ஓட்டு ஆளைத்தான் தேர்ந்தெடுக்கும். எந்த ஓடையை முதலில் தூர்வார வேண்டும் என்று சொல்லாது. கூட்டத்துக்கு நாலு பேர்தான் வருவார்கள் என்பது இன்னொரு வாதம். உண்மைதான். அதனால்தான் 500 பேருள்ள சிற்றூரிலும் 50 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும் என்று விதி வைத்தார்கள். நகர்ப்புறங்களுக்கும் 2022இல் பகுதி சபை விதிகள் வந்தன. கொட்டாரம் போன்ற பேரூராட்சிகளின் ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கணக்கு நோட்டோடு, அப்படியொரு சபை கூடட்டும்.