ஒரு திங்களில் படித்தவை

சென்ற திங்கள் ஒன்பது நூல்களைப் படித்தேன். அவற்றுள் மூன்று துப்பறியும் கதைகள்; கொலையாளி யாரென்பதுகூட மறந்துவிட்டது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சில பக்கமே. ஆயினும் இரண்டு நாள் உறங்கவிடவில்லை.

எண்ணிக்கையால் சற்றே செருக்குற்றிருந்த எனக்கு, ஒன்பதாவது நூலான உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஒரு குட்டு வைத்தது. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் எவற்றைப் படித்திருக்கிறார் என்று வினவுகிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என அடுக்குகிறார் ஐயர். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஐயர் படித்ததில்லை! அவ்வொரு வினா ஏழாண்டு உழைப்பாகி, 1887-இல் நூல் அச்சேறிற்று.

என் அலமாரியிலும் சிந்தாமணி பல்லாண்டாக இருக்கிறது, அழகுக்கு. நேற்றிரவு தூசி தட்டினேன். நாமகள் இலம்பகத்தில் பத்துப் பாடல்கள் ஆயின.