ஊர்க்கதையும் பொது நூலகமும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடலை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையிற் பயணஞ் செய்பவர், வழியிலுள்ள ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டு சென்றாலே ஒரு சரித்திர ஏட்டைப் புரட்டியவர் ஆவர். மருதமுனையும் சாய்ந்தமருதும் மருதமரத்தின் பெயரைத் தாங்கியவை. அட்டாளை என்பது விலங்குகளிடமிருந்து பயிரைக் காப்பதற்கு உயரத்திற் கட்டும் பரண். சேனை என்பது காடு வெட்டிச் செய்யும் மேட்டுப்பயிர் நிலம். இரண்டும் சேர்ந்து அட்டாளைச்சேனை ஆயின. சம்பான் என்னும் மரக்கலங்கள் வந்து தங்கிய துறையே சம்மாந்துறை ஆயிற்று என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இன்று சம்மாந்துறையைச் சூழ்ந்து நிற்பவை நெல்வயல்களே. மரக்கலம் வந்த காலத்தை அப்பெயர் ஒன்றே நினைவூட்டி நிற்கிறது.

இவ்வூர்களின் பொது நூலகங்கள் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பில் நடைபெறுகின்றன. காலையிற் பத்திரிகை வாசிக்க வரும் முதியோரும், பிற்பகலிற் பரீட்சைக்குப் படிக்க வரும் மாணவரும் அவற்றை நன்கு பயன்படுத்துகின்றனர். அங்குள்ள அலுமாரிகளில் உலக சரித்திரம் உண்டு; இந்திய சரித்திரம் உண்டு; இலங்கை மன்னர் வரலாறும் உண்டு. ஆனால், அந்நூலகம் நிற்கின்ற தெருவின் வரலாறு யாது என்று ஒரு மாணவன் வினவினால், எடுத்துக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் ஒரு துண்டுப் பிரசுரமும் இராது. ஊரின் வரலாறு அலுமாரியில் இல்லை. ஊரவர் நினைவில் இருக்கிறது. நினைவில் உள்ளது, நினைவுடையோர் மறையும்போது தானும் மறைந்துவிடும். ஆகவே, ஊர்க்கதையைத் தேடிச் சேர்க்கும் பணியும் நூலகத்துக்கு உரியதே.

இலங்கையில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அம்மாதத்தில் நூலகங்கள் கண்காட்சிகளையும் சொற்பொழிவுகளையும் நடத்துவது வழக்கம். புதிய நூல்களை மேசையிற் பரப்பி வைப்பதோடு நின்றுவிடாமல், ஊராரிடமுள்ள பழம் பொருள்களை ஒரு வாரத்துக்கு இரவலாகப் பெற்று வைப்பின், கண்காட்சி புதிய உயிர் பெறும். விலையுயர்ந்த பொருள்கள் வேண்டுவதில்லை. நெல் அளந்த மரைக்கால், பன்னாற் பின்னிய பாய், மருதமுனைத் தறியில் ஓடித் தேய்ந்த நாடா, அரபு எழுத்திலே தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடு, திருமண அழைப்பிதழ், பழைய பள்ளிக்கூடப் படம் ஆகியவை போதும்.

ஒரு மரைக்காலைப் பார்த்த சிறுவன், இதிலே என்ன அளந்தார்கள் என்று கேட்பான். அங்கிருந்து கதை தொடங்கும். ஏக்கர்க் கணக்கு வருமுன்னர், ஒரு வயலின் பரப்பை அதில் விதைக்கும் நெல்லின் அளவைக் கொண்டே குறித்தனர். இத்தனை அவண விதைப்பு என்பதே அந்நாளைய வழக்கு. சூடடிக்கும் களவெட்டியில் நெல்லை நெல்லென்று சொல்லாது, பெருகுவது என்னும் பொருள்படப் பொலி என்றே சொல்வர். முஸ்லிம் விவசாயியும் தமிழ் விவசாயியும் இச்சொல்லை ஒரேவிதமாக வழங்கினர். கல்லோயா எனச் சிங்களத்தில் வழங்கும் பட்டிப்பளை ஆற்றை மறித்துப் பெருந்திட்டம் தொடங்கியது 1949 ஆம் ஆண்டு. அதற்கு முன்பே இக்கரையோரத்தார் அவ்வாற்று நீரைக் கொண்டு நெல் விளைவித்து வந்தனர். அந்நாளிலே தண்ணீரைப் பங்கிட்ட முறையும், வட்டவிதானையின் அதிகாரமும், போடியாருக்கும் வயற்காரனுக்கும் இருந்த உடன்பாடும் இன்று முதியோர் சிலருக்கே தெரியும். மரைக்காலின் அருகே அத்தகைய முதியவர் ஒருவரை அமர்த்தி அரை மணி நேரம் பேசச் செய்வதே சிறந்த சொற்பொழிவாகும்.

ஊர்க்கதை என்றவுடன் எழும் வினா ஒன்றுண்டு. கேட்டதெல்லாம் வரலாறு ஆகுமா என்பதே அது. மட்டக்களப்புப் பகுதியில் முஸ்லிம்கள் குடியேறியமை பற்றி ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரிலே முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்று வென்றனர் என்றும், அதற்கு நன்றியாக முக்குவக் குலப் பெண்களை மணந்து அங்கேயே நிலைத்தனர் என்றும் அக்கதை கூறும். மற்றொரு புறம், போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து 1626 ஆம் ஆண்டிலே முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிய நூலால் தெரியவருவது. முன்னது வாய்மொழி, பின்னது எழுத்துச் சான்று. நூலகம் ஒன்றை ஏற்று மற்றதை எறிந்துவிடல் வேண்டியதில்லை. இது மக்கள் சொல்வது, இது ஏடு சொல்வது என்று பிரித்து, இரண்டையும் அருகருகே வைத்தல் வேண்டும். போரின் கதை நிகழ்ச்சியை அப்படியே காட்டாவிடினும், தாய்வழியாக வரும் குடி முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் எவ்வாறு பொதுவாயிற்று என்பதற்கு இம்மக்கள் தமக்குத் தாமே கூறிக்கொண்ட விளக்கத்தைக் காட்டுகிறது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இடம்பெறும் வழக்கமும் அம்முறையின் வழி வந்ததே.

1962 ஆம் ஆண்டில் எவ். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். 1964 ஆம் ஆண்டில் வித்துவான் வி. சி. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் வெளிவந்தது. ஊரிலே கிடந்த ஏட்டையும் வாயிலே கிடந்த வழக்கையும் அவர்கள் நூலாக்கியிராவிடின், இன்று ஆராய்வோர்க்கு ஆதாரம் குறைந்தே போயிருக்கும். முஸ்லிம் ஊர்களிலே பெண்கள் வழிவழியாகப் பாடிவந்த கவிகளுக்கும் இதே கவனம் வேண்டும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இத்துறையில் உழைத்துள்ளனர். எனினும், கவி தெரிந்த மூதாட்டி மாலைக் கூட்டத்துக்கு வந்து மேடையேறிப் பாடுவாள் என்று எதிர்பார்த்தல் தகாது. நூலகத்திற் பணிபுரியும் பெண்களே அவள் வீட்டுக்குச் சென்று, பாயிலே கூட இருந்து, அவள் விருப்பமறிந்து பதிவுசெய்தல் வேண்டும். அவள் வெளியிட விரும்பாத கவியை வெளியிடாது விடுவதும் அப்பணியின் ஒழுக்கமே.

சொற்பொழிவுக்குப் பொருள் தேடி வெளியூர் போகவேண்டிய அவசியமும் இல்லை. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. உணவு உற்பத்தியைப் பெருக்கும் நோக்குடன் அவ்வாண்டிலே கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று அமைந்தது. அதன் பொறுப்பாளராக வந்தவர் உதவி அரசாங்க அதிபர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்த அவர், கல்முனையிலே நெல்லைப் பற்றி மட்டும் எண்ணவில்லை. பிள்ளைகளின் கல்விக் குறையைக் கண்டு, அதே 1942 இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளுடன் அவர் நட்புக் கொண்டதும் இக்காலத்திலேயே. 1945 இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். ஒரு துறவியும் ஒரு முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியும் தமிழைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் கலந்துரையாடிய ஊர்ப்பக்கம் இது என்று அறியும் மாணவன், அயலூரானைப் பார்க்கும் பார்வையும் மாறும். இடையிடையே மனக்கசப்பு விளைந்த பிரதேசத்திலே இத்தகைய அறிவு சிறு நன்மையன்று.

ஊர் வரலாறு பொழுதுபோக்கு என்று எண்ணுவோர், 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாளை நினைத்தல் நன்று. அன்று எழுந்த ஆழிப்பேரலையினால் இலங்கையிலே மிகுந்த உயிரிழப்புக்கு ஆளான மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் அழிந்தன. உயிர்களோடு வீடுகளும், வீடுகளோடு காணி உறுதிகளும், பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும், குடும்பப் படங்களும் நீரிலே போயின. எஞ்சியோர், தாம் யார், தமது நிலம் எது என்பதைக் காரியாலயம் காரியாலயமாகச் சென்று நிரூபிக்க வேண்டியவராயினர்.

இதனோடு மற்றோர் இடரும் சேர்ந்தது. இக்கரையோரத்திலே வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணம் முடிப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் பழைய வழக்கம். பேரலைக்குப் பின்னர் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்னும் சொல்லுக்குக் கணவன் என்றே பொருள்கொண்டு, பல இடங்களில் ஆணின் பெயரிலே உரித்து எழுதப்பட்டதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை, படிவத்தின் ஒரு சொல்லினால் இடம் மாறிற்று. பழைய உறுதிகளின் பிரதிகளும், வீடு யார் யாரிடமிருந்து யார் யாருக்கு வந்தது என்னும் குறிப்புகளும் பொது இடமொன்றில் இருந்திருப்பின், ஒரு பெண் அவற்றைச் சுட்டித் தன் வழக்கத்தை எடுத்துரைத்திருக்க முடியும். ஊர் வழக்கம் எழுத்தில் இல்லாதபோது, அதை அறியாத அதிகாரியைக் குறைகூறியும் பயனில்லை.

நூலகத்துக்கும் ஆபத்து வாராது என்பதற்கில்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அவற்றுள் மறுபிரதி இல்லாதனவும் இருந்தன. அக்கொடுமையைக் கண்டு புத்தரின் படுகொலை என்னும் கவிதையை எழுதிய எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடியிற் பிறந்தவர். ஆகவே, அரிய பொருள் ஒன்றைப் பெற்றவுடன் அதனைப் படம்பிடித்துப் பிரதிசெய்து, பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய ஆவணத் தொகுப்பு இத்தகைய பணிக்கு வழிகாட்டியுள்ளது. மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். திருப்பிக் கொடுக்கும் நூலகத்தையே மக்கள் மறுமுறையும் நம்பிப் பொருள் கொண்டுவருவர்.

இதற்குப் பெருஞ் செலவு இல்லை. ஒரு மேசை, ஒரு குறிப்பேடு, பொறுமையுடன் கேட்கும் ஒருவர், இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். பொருளின் பெயர், கொண்டுவந்தவர், அது யாரிடமிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது, எந்த ஆண்டளவில் என்னும் ஐந்து செய்திகளை அன்றன்றே எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் அக்குறிப்பேடே ஊரின் முதல் வரலாற்று நூலாகும். வரும் அக்டோபரில் ஒரு பேரப்பிள்ளை தன் உம்மம்மாவின் மரைக்காலை நூலகத்துக்கு எடுத்து வருமாயின், அதனை வாங்கி வைப்பதற்கு இடமும், அதன் கதையைக் கேட்பதற்கு ஆளும் அங்கே இருத்தல் வேண்டும்.